சோதனைக்கு அன்னியப் பெண் வேண்டும், ஊசிக்கு வேண்டாமா?

சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் அன்னிய நாட்டுப் பெண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். அந்நாட்டுச் சர்க்காரின் விதி அது. டாக்டர் என்ன பார்க்கிறார்? கர்ப்பம் தரித்திருக்கிறாளா என்று பார்க்கிறார். மேகநோய் உண்டா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கிறார். குறிப்பிட்ட தவணைகளில் எய்ட்ஸ் கிருமியும் காச நோயும் உண்டா என்று பார்க்கிறார். 2021ஆம் ஆண்டு முதல், எடை குறைந்திருக்கிறாளா, உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார். மியான்மரிலிருந்து வந்த ஒரு பணிப்பெண்ணை 2016ல் பட்டினி போட்டு, அடித்துக் கொன்ற எஜமானியின் வழக்கு 2021ல் கோர்ட்டுக்கு வந்து உலகமே காறித் துப்பிய பிறகு உதயமான ஞானம் இது!

கர்ப்பம் என்று தெரிந்தால் கதை முடிந்தது. ஒர்க் பெர்மிட் ரத்து. மூட்டையைக் கட்டு, ஊருக்குப் போ.

ஆக, அந்தப் பெண்ணின் கருப்பையில் சிங்கப்பூர்ச் சர்க்காருக்கு அக்கறை இல்லை என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்கறையோடு விசாரிக்கிறது! ஆனால் அதே கருப்பையின் வாயில் வளரும் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் சோதனை அந்தப் படிவத்தில் இல்லை. அந்த நோய் வராமல் தடுக்கும் ஊசியும் அவளுக்கு உரிய வரிசையில் இல்லை. குழந்தை உண்டானால் முதலாளிக்கு நஷ்டம், அதைத் தேடுகிறார்கள். புற்றுநோய் உண்டானால் நஷ்டம் அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும், அதைத் தேடவில்லை. இதுதான் விஷயம். இந்தக் கட்டுரை முழுவதும் இதைப் பற்றித்தான்.

'பெண்கள் சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் ஆண் தோழர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டும். இந்த நோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி பெரும்பாலும் ஆணிடமிருந்துதான் பெண்ணுக்கு வருகிறது. ஆணுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பெண்ணுக்கும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானாகவே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் மறையாமல் தங்கி, பத்துப் பதினைந்து, இருபது ஆண்டு கழித்துக் கருப்பை வாய்ப் புற்றுநோயாக முற்றுகிறது. கல்யாணம் செய்துகொண்டு ஒழுங்காகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கும் வரும். ஆகவே இதில் நடத்தையைப் பற்றிப் பேசுகிறவன் அறிவிலி.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பெண்கள் இந்த நோயால் செத்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சாவு ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான். நம் தேசத்தின் பங்கு ஏறத்தாழ 80 ஆயிரம். பணக்கார நாட்டுப் பெண்ணுக்கு வராத நோயா? வரும். அவளைச் சோதிக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், பிழைத்துக்கொள்கிறாள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2021ல் கணக்கு வெளிவந்தது. ஸ்காட்லாந்தில் அந்த வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்த நோய் கண்டதாகப் பதிவில்லை என்று 2024ல் வெளியிட்டார்கள். வராமல் தடுக்கக்கூடிய புற்றுநோய் என்று உலகில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். தடுக்க வழி தெரிந்த பிறகும் ஒரு பெண் இதனால் சாகிறாள் என்றால் அதை விதி என்று சொல்லக் கூடாது.

சரி, அன்னிய நாட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த ஊசி கிடைக்குமா?

கிடைக்கும், காசு இருந்தால்! சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலைப் பள்ளியில் முதல் வகுப்புச் சேரும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஊசி போடுகிறார்கள். மிக நல்ல காரியம். இருபத்தாறு வயது வரையுள்ள பெண்களுக்கு ஊசிச் செலவில் சர்க்கார் பங்கு ஏற்கிறது. அதுவும் நல்ல காரியம். ஆனால் இந்தப் பங்கு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவள் தனியார் கிளினிக்குக்குப் போய் முழு விலை கொடுக்க வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு ஆறு மாதத்தில் மூன்று ஊசி என்பது அங்குள்ள வழக்கம். மூன்றுக்கும் சேர்த்தால் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் ஒரு மாதச் சம்பளம் ஏறத்தாழ அப்படியே போகும். அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து ஊரில் வட்டிக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

பணத்தைப் புரட்டினாலும் நேரம் வேண்டுமே? மாதத்துக்கு ஒரு நாளாவது காசு கொடுத்துப் பறிக்க முடியாத ஓய்வு நாளாக இருக்க வேண்டும் என்ற விதியே 2023 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் அத்தனை ஓய்வு நாளையும் காசைக் கொடுத்து எஜமானர் வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அவள் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், சோப்புச் சீப்பு வாங்க வேண்டும், தன் பாஷை பேசும் நாலு பேரைப் பார்க்க வேண்டும். அதில் கிளினிக் வாசலிலும் காத்திருக்க வேண்டும்.

இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு 60 ஆயிரம் வெள்ளிக்குக் குறையாமல் எஜமானர் எடுக்க வேண்டும். ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால், அறுவை சிகிச்சை செய்தால் கொடுக்கிற பணம். படுக்கையில் விழும் வரை காத்திரு, விழுந்தால் கொடுப்போம் என்பது அதன் சாரம். விழாமல் தடுக்கும் ஊசிக்கு அதில் இடமில்லை. விழுந்தவளோ வேலைக்கு லாயக்கில்லாதவள். அவளை ஊருக்கு அனுப்ப விமான டிக்கெட் தயார்.

மலேசியாவைப் பாருங்கள். 2010 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள். நம்மைவிடப் பல ஆண்டுகள் முந்திக்கொண்ட நாடு, பாராட்ட வேண்டும். ஆனால் தோட்டத்திலும் கட்டடத்திலும் கூலி வேலை செய்யும், கையில் சரியான காகிதமில்லாத அன்னியத் தொழிலாளியின் பெண்ணுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் கதவே திறப்பதில்லை. பள்ளிக்கூடமே இல்லாதவளுக்குப் பள்ளியில் போடுகிற ஊசி எப்படிக் கிடைக்கும்?

"அன்னியருக்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்? அவர்கள் வரி கட்டுகிறார்களா?" இந்தக் கேள்வியை அங்குள்ள பெரிய மனிதர்கள் மட்டுமல்ல, சில சமயம் அங்குள்ள தொழிலாளிகளும் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை.

சிங்கப்பூரில் வீட்டு வேலைக்காரி ஒவ்வொருத்தியின் தலைக்கும் சர்க்கார் மாதாமாதம் ஒரு தொகை வசூலிக்கிறது. 'லெவி' என்று அதற்குப் பெயர். சாதாரண விகிதம் மாதம் 300 வெள்ளி. சிறு குழந்தையோ முதியவரோ உள்ள குடும்பத்துக்குச் சலுகை விகிதம் 60 வெள்ளி. சலுகை விகிதத்தையே எடுத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 720 வெள்ளி. இரண்டு வருஷப் பெர்மிட்டுக்கு 1,440 வெள்ளி. எஜமானர் கட்டுகிறார், வாஸ்தவம். எதைக் கணக்கிட்டுக் கட்டுகிறார்? இவளுக்குச் சம்பளம் இவ்வளவு, லெவி இவ்வளவு என்று இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தானே சம்பளத்தை முடிவு செய்கிறார்! அது அவள் உழைப்பிலிருந்து, அவள் கைக்கு வருவதற்கு முன்பே கழித்துக்கொண்ட பணம். இப்படிப்பட்ட பெண்கள் அந்நாட்டில் மூன்று லட்சம் பேர். அந்தக் கஜானாவில் ஒரு ஊசிக்கு இடமில்லையாம்!

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த மூன்று லட்சம் பெண்கள் குழந்தையைத் தூக்கி வளர்ப்பதால்தான், படுத்த கிழவரைக் குளிப்பாட்டுவதால்தான், அந்நாட்டுப் பெண்கள் ஆபீசுக்கும் தொழிற்சாலைக்கும் போக முடிகிறது. ஒரு தேசத்தின் தொழில் முழுவதும் இவர்கள் கைமேல் நிற்கிறது. நெல்லை விளைவித்தவனுக்குக் கஞ்சி இல்லை என்று தஞ்சைச் சீமையில் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிப் போன நியாயம்தான். இங்கே அது கடல் தாண்டி நடக்கிறது.

ஊசியின் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஒரு ஊசி நூறு டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், 2013ல், மிக ஏழையான நாடுகளின் திட்டத்துக்கு அதே ஊசியை 4 டாலர் 50 சென்டுக்குத் தருவதாக மெர்க் கம்பெனி ஒப்புக்கொண்டது. தர்மமாகத் தரவில்லை, உலக நெருக்குதலால் தந்தது. நாலரை டாலருக்குத் தர முடியும் என்பது கம்பெனியின் கையெழுத்திலேயே நிரூபணமாகிவிட்டது! ஆனால் ஏழை நாட்டில் பிறந்த பெண் வேலைக்காகப் பணக்கார நாட்டுக்குப் போய் இறங்கிய மறுநிமிஷமே அவளுக்குப் பணக்கார நாட்டு விலை. கூலி மட்டும் ஏழை நாட்டுக் கூலி! எந்தத் தேசத்தாள் என்பதைப் பார்த்துச் சம்பளம் நிர்ணயிக்கிறவர்கள், எந்தத் தேசத்தில் நிற்கிறாள் என்பதைப் பார்த்து மருந்து விலை வாங்குகிறார்கள். 2023ல் மட்டும் இந்த ஊசியை விற்று அந்தக் கம்பெனி சுமார் 890 கோடி டாலர் ஈட்டியது.

அன்னியருக்கு எப்போதுமே ஊசி இல்லை என்று சொன்னால் அது தவறு. ஒரு சமயம் அன்னியருக்கு மட்டுமே கட்டாய ஊசி என்று இருந்தது. எங்கே? 'சுதந்திர'த்தின் தாயகமாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்காவில்!

2006 ஜூனில் அங்கே இந்த ஊசி விற்பனைக்கு வந்தது. 2007 பிப்ரவரியில் டெக்சாஸ் கவர்னர் ரிக் பெர்ரி, ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் இது கட்டாயம் என்று உத்தரவு போட்டார். அவரிடம் பிரதான அதிகாரியாக இருந்தவரே இப்போது மெர்க் கம்பெனிக்காகச் சட்டசபை வட்டாரங்களில் ஆதரவு திரட்டும் ஆள் என்ற சங்கதி வெளிவந்தது. ஊர் கொதித்தது. அந்த உத்தரவில்கூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ள வழி இருந்தது. அப்படியும் சட்டசபை அதை ரத்து செய்தது.

ஓட்டுள்ளவர்களிடம் இப்படி. ஓட்டில்லாதவர்களிடம்? 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, நிபுணர் குழு சிபாரிசு செய்யும் தடுப்பூசிகளை நிரந்தரவாச உரிமை கேட்கும் அன்னியர் போட்டிருக்க வேண்டும். அமெரிக்கப் பிரஜைக்கு வெறும் சிபாரிசு. அன்னியருக்கு அது கட்டளை. அந்த விதியின்படி 2008ல் ஹெச்.பி.வி. ஊசியும் பட்டியலில் ஏறியது. 11 முதல் 26 வயது வரையுள்ள அன்னியப் பெண்கள் ஊசி போட்டால்தான் விண்ணப்பம். ஒரு ஊசி சுமார் 120 டாலர், மூன்றுக்கு 360 டாலர். கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஹோட்டலில் பாத்திரம் கழுவும் பெண், பழத்தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண் எங்கே போவாள் 360 டாலருக்கு?

அங்குள்ள லத்தீன் அமெரிக்கப் பெண்களின் அமைப்புகளும் ஆசியப் பெண்களின் அமைப்புகளும் எதிர்த்துக் கிளர்ச்சி செய்தன. ஊசி கெட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களை மட்டும் ஏன் கட்டாயப்படுத்துகிறாய், ஏன் எங்களிடம் காசு பறிக்கிறாய் என்று கேட்டார்கள். கடைசியில் 2009 டிசம்பர் 14 முதல் அந்தக் கட்டாயம் நீங்கியது. வெற்றிதான். ஆனால் கவனியுங்கள்: கட்டாயத்தை எடுத்தார்களே தவிர, 'சரி, வேண்டுமென்கிற அன்னியப் பெண் எல்லோருக்கும் இலவசமாகப் போடுகிறோம்' என்று சொன்னார்களா? இல்லை. ஒன்று, உன் கையை முறுக்கி உன் காசில் போடுவேன். இல்லாவிட்டால் எக்கேடு கெட்டுப் போ. நடுவில் ஒரு மனிதத்தன்மையான வழி இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி இன்னொரு கேள்வி. அன்னியர், அன்னியர் என்கிறார்களே, இந்த ஊசியை உண்டாக்கியது யார்?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், குயின்ஸ்லாந்து சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1991ல் இதன் அஸ்திவாரத்தைப் போட்டவர்கள் இருவர். ஒருவர் இயான் ஃபிரேசர். ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். மற்றவர் ஜியான் சூ. சீனாவில் ஹாங்சோ நகரில் பிறந்து, இங்கிலாந்து வழியாக 1990ல் ஆஸ்திரேலியாவுக்கு மனைவியோடு போனவர். மனைவியும் அதே கூடத்தில் உடன் உழைத்தார். கிருமியின் உள்ளே உள்ள விஷ சரக்கு இல்லாமல், மேலோடு மட்டும் கிருமி போலவே அமையும்படி செய்துகாட்டினார்கள். அந்த வெற்று மேலோடுதான் ஊசியில் இருக்கிறது. உடம்பு அதைப் பார்த்துக் கிருமி என்று எண்ணி எதிர்ப்பைத் தயார் செய்துகொள்கிறது. ஜியான் சூ 1999ல், 42வது வயதில் காலமானார். ஊசி கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. அமெரிக்கச் சர்க்காரின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்திலும் ஜனங்களின் வரிப்பணத்தில் இதே வேலை நடந்தது. அன்னிய மண்ணில் வாழ வந்தவரின் மூளை, பொதுஜனத்தின் பணம், கடைசியில் லாபம் மட்டும் கம்பெனிக்கு!

அதற்கும் பின்னே போனால், அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற நீக்ரோ இனத் தாய் நிற்கிறாள். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்தவள். கணவன் இரும்பு ஆலைத் தொழிலாளி. 31 வயதில், 1951ல், இதே கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டுச் செத்தாள். அவளைக் கேட்காமலேயே அவள் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் இன்றளவும் உலகத்து ஆராய்ச்சிக் கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹாசன் 1980களில் நிரூபித்தார். 2008ல் நோபல் பரிசும் பெற்றார். அவர் காட்டிய கிருமி வகைகளில் ஒன்று அந்தத் தாயின் உயிரணுக்களிலும் இருந்தது. தோட்டக் கூலிக்காரி, ஆலைத் தொழிலாளியின் மனைவி. நம் ஜாதி, தோழர்களே!

நம் தேசத்துப் பெண் பிள்ளைகளும் கடன் பட்டவர்களல்ல, கொடுத்தவர்கள். 2009ல் ஆந்திராவின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தின் வதோதராவிலும் சுமார் 24 ஆயிரம் பிள்ளைகளுக்கு 'பாத்' என்ற அமெரிக்க ஸ்தாபனம் இந்த ஊசியைப் போட்டது. பலர் ஆதிவாசிப் பிள்ளைகள், ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள். தாய் தகப்பனுக்குத் தெரியாமல் ஹாஸ்டல் வார்டன்கள் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு குழந்தைகள் இறந்தன. ராஜ்யசபை அங்கத்தினராக இருந்த தோழர் பிருந்தா காரத்தும் மாதர் இயக்கங்களும் பிரச்னையைக் கிளப்பவே, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணைக் குழு கூறியது. ஒரு பிள்ளை பாம்பு கடித்தும், ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கியும் இறந்திருந்தது. ஆனால் ஏழைப் பிள்ளையின் தோளைத் தாயைக் கேட்காமல் தொட்ட குற்றம் குற்றமே. 2013ல் பார்லிமெண்ட் குழுவும் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

இங்கே நம்மிடையிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. "கம்பெனி மருந்து, அமெரிக்கச் சூழ்ச்சி, நம் பெண்ணுக்கு வேண்டாம்" என்று கம்மத்தைக் காட்டிச் சிலர் பேசுகிறார்கள். தப்பு. ஆலை முதலாளி கொள்ளைக்காரன் என்பதற்காக நாம் வேட்டி கட்டாமல் இருக்கிறோமா? ஆலையை என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். நூலைக் கொளுத்தச் சொல்வதில்லை. கம்மத்தில் நாம் எதிர்த்தது ஏமாற்றை; விஞ்ஞானத்தை அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2010ல் எல்லா ஊசி ஆராய்ச்சியையும் நிறுத்து என்று சர்க்கார் சொன்னபோது, கம்மத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு ஆராய்ச்சியும் பாதியில் நின்றது. அதில் சேர்ந்திருந்த இந்தியப் பிள்ளைகள் பல ஆயிரம் பேருக்கு ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனது. அந்த ஆராய்ச்சி நடந்த இடங்களில் நம் திண்டுக்கல் பக்கத்து அம்பிளிக்கையும் ஒன்று. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால், ஒரு ஊசி போட்டுக்கொண்டவர்களும் கிருமியிலிருந்து நன்றாகவே தப்பியிருந்தார்கள்! இதையும் ஆப்பிரிக்காவில் கென்யாவில் நடந்த சோதனையையும் பார்த்த பிறகுதான், சிறு வயதுப் பிள்ளைக்கு ஒரு ஊசியே போதும் என்ற முடிவுக்கு 2022ல் உலக சுகாதார ஸ்தாபனம் வந்தது. இங்கிலாந்து 2023 செப்டம்பர் முதல் ஒரே ஊசியோடு நிறுத்திக்கொண்டது. இரண்டாவது ஊசிக்கான பணம் பணக்கார சர்க்கார்களுக்கு மிச்சம். யார் தோளில் கண்ட உண்மை அது? இந்தியக் குழந்தைகளின், ஆப்பிரிக்கப் பெண்களின் தோளில்! அவர்களுடைய சகோதரிகள் அதே நாடுகளில் போய் வேலை செய்யும்போது 'நீ அன்னியள், காசு கொடு' என்கிறார்கள்.

அதே திண்டுக்கல் ஜில்லாவின் கிராமங்களில்தான், விலையுயர்ந்த யந்திரம் எதுவுமில்லாமல், காடித் தண்ணீரைத் தடவிக் கருப்பை வாயில் வெள்ளைப் படலம் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையைக் கூலிக்காரப் பெண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் செய்து பார்த்தார்கள். இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்தது என்று 2007ல் முடிவு வெளிவந்தது. ஒரு நர்சு, ஒரு விளக்கு, ஒரு கிண்ணம் காடி. உலகத்தின் பெரும் பணக்கார நகரம் ஒன்றில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிற டாக்டரால் முடியாதது இதுவா?

முப்பது, முப்பத்தைந்து வயதில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஊசியைவிட இந்தச் சோதனையே பெரிய பாதுகாப்பு. ஊசி கிருமி வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயது வரை சிறந்த காலம். ஆகவே சோதனை தாய்க்கு, ஊசி மகளுக்கு என்று சுருக்கமாக ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 26 வயதுக்குட்பட்டவள் தனக்கும் போட்டுக்கொள்வது நல்லது.

நம் சர்க்கார்கள் என்ன செய்கின்றன? 2024ல் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் சுமார் 12,900 கோடி டாலர். உலகத்திலேயே முதலிடம் என்று மந்திரிகள் மார் தட்டினார்கள். பணம் அனுப்பிய கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் தேசத்திலேயே தயாரான ஊசி 2023ல் கடைக்கு வந்தது. ஒன்று 2,000 ரூபாய். 2025-26ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். ஒரு ஊசிக்கு ஆறு நாள் மண் வெட்ட வேண்டும். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவச ஊசி என்று 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வரவேற்கிறோம். ஆனால் திருப்பூர், கோவை வட்டாரத்து நூல் மில் ஹாஸ்டல்களில் ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து அடைந்து கிடக்கும் பெண்கள்? அவர்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. நம் பாஷையும் தெரியாது. சிங்கப்பூர் எஜமானரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை அந்த ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே நின்றும் கேட்க வேண்டும். மில் சங்கத் தோழர்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போகும் பெண்ணுக்குப் புறப்படும் முன் மருத்துவச் சோதனை நடக்கிறது. அந்நாட்டு முதலாளிக்கு வேண்டியது எல்லாம் அதில் உண்டு: காசம், எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, கர்ப்பம். அவளுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. அந்த நாளிலேயே கருப்பை வாய்ச் சோதனையும், வயதுக்குத் தக்க ஊசியும் சர்க்கார் செலவில் கொடுக்க வேண்டும். புறப்படுவோர் பாதுகாப்பு அதிகாரியின் ஆபீசும் அயலகத் தமிழர் நல வாரியமும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் இது. அது நடக்கும் வரை புறப்படுகிற பெண் சும்மா இருக்க வேண்டாம். 30 வயது தாண்டியவளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இலவசம். பயணத்துக்கு முன் ஒரு காலை நேரம் ஒதுக்கினால் போதும். ஊரில் விட்டுப் போகும் மகளின் ஊசியை மறக்க வேண்டாம். இங்கே ஒரு ஊசி போட்டு அங்கே மீதி போட நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசி போட்ட அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைக்காமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட்டைச் சில எஜமானர்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், சட்ட விரோதம் என்று தெரிந்தே.

வெளிநாட்டுச் சர்க்கார்களிடம் நாம் கேட்பது பெரிய தானமல்ல. லெவிப் பணத்தில் ஒரு சிறு பங்கு. ஆறு மாதச் சோதனைக்கு வரும் பெண்ணிடம், 'இந்தச் சோதனையும் ஊசியும் உண்டு, வேண்டுமா' என்று அவள் பாஷையில் கேட்க வேண்டும். வேண்டும் என்றால் அன்றைக்கே, இலவசமாக. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அமெரிக்கா 2008ல் செய்ததை யாரும் திருப்பிச் செய்ய வேண்டாம். சோதனையில் ஏதாவது தென்பட்டால் அவளுக்குச் சிகிச்சை; விமான டிக்கெட் அல்ல. இதைச் சட்டமாக எழுதாவிட்டால் எந்தப் பெண்ணும் அந்தச் சோதனைக்குச் சம்மதிக்க மாட்டாள். சம்மதிக்கவும் கூடாது. முடிவு எழுதிய தாள் டாக்டரிடமும் அவளிடமும் மட்டும் இருக்க வேண்டும். எஜமானர் வீட்டுக்கோ பெர்மிட் ஆபீசுக்கோ அது போகக் கூடாது.